நம்பர் பிளேட்டுக்குப் பின்னால்

போன சித்திரையில் காரின் முன்பக்க நம்பர் பிளேட்டைக் கழற்றினேன். ஸ்க்ரூ துருப்பிடித்திருந்தது, மாற்ற வேண்டும், அவ்வளவுதான் காரணம். பிளேட் கையோடு வந்ததும் அதற்குப் பின்னால் நீள்சதுரமாய் ஒரு கருப்பு. வண்டி வாங்கிய அன்றைய கருப்பு. அதைச் சுற்றி பம்பர் முழுக்கச் சாம்பல் பூத்துக் கிடந்தது. பத்து வருடமாக வாசலில் நின்று வாங்கிய மதுரை வெயிலின் கணக்கு அது.

பெயின்ட் அடிக்காத கருப்பு பம்பர், கதவோரப் பட்டை, வைப்பருக்குக் கீழே உள்ள மூடி எல்லாமே பெரும்பாலும் பாலிப்ரொப்பிலீன் வகை பிளாஸ்டிக். கருப்பு வருவது அதில் கலந்திருக்கும் கரித்தூளால். கரி வெயிலைத் தாங்கும். அதைப் பிடித்திருக்கும் பிளாஸ்டிக் அந்த அளவுக்குத் தாங்காது. புறஊதாக் கதிர் பட்டுப் பட்டு மேல்தோல் சிதைந்து, கண்ணுக்குத் தெரியாத வெடிப்புகள் விடும். வெளிச்சம் அந்த வெடிப்புகளில் சிதறுவதைத்தான் நாம் வெளுப்பு என்கிறோம். ஒரு கை தண்ணீர் தெளித்துப் பாருங்கள்: உடனே கருக்கும், காய்ந்ததும் வெளுக்கும். வெடிப்பு நிரம்பினால் கருப்பு, வற்றினால் வெள்ளை.

இது தெரிந்துவிட்டால் தேங்காய் எண்ணெயின் குட்டும் தெரிந்துவிடும். "ஒரு துளி தடவுங்க சார், புதுசாட்டம் ஆயிடும்" என்று எனக்கும் சொன்னார்கள். ஆனது. நாலாம் நாள் தெருப்புழுதி மொத்தமும் அதில் அப்பிக்கொண்டது; முதல் மழையில் எண்ணெய் வழிந்து கதவில் கோடு போட்டது. டயர் பாலிஷும் இதே கதைதான், மணம் மட்டும் வேறு.

ஹாட் ஏர் கன்னையும் விடவில்லை. சூடு பட்டதும் மேல்தோல் இளகி வெடிப்பு மூடிக்கொள்ள, கருப்பு ஊறி வருவது பார்க்க மாயம் மாதிரி இருக்கும். ஆனால் பாலிப்ரொப்பிலீன் 160 டிகிரி செல்சியஸை ஒட்டி உருகிவிடும். பேச்சு சுவாரசியத்தில் கை ஒரு நொடி நின்றது. பம்பர் ஓரத்தில் ஒரு ரூபாய் அகலத்துக்கு, தோல் மாதிரி இருந்த சொரசொரப்பு உருகி வழவழவென்று ஆகிவிட்டது. இன்றும் அங்கேதான் இருக்கிறது.

கடைசியில், பிளாஸ்டிக்குக்கென்றே விற்கும் கோட்டிங்குக்கு வந்தேன். முதல் தடவை ஷாம்பூ போட்டுக் கழுவிவிட்டுத் தடவினேன். ஒரே மாதத்தில் திட்டுத் திட்டாக உரிந்தது. உற்றுப் பார்த்தால், என்றோ எண்ணெய் தடவியபோது கை போன போக்கிலேயே உரிந்திருக்கிறது. வெடிப்புக்குள் எண்ணெய் இன்னும் குடியிருக்கிறது என்று அப்போதுதான் புரிந்தது.

இரண்டாம் முறை பழைய டூத் பிரஷ்ஷோடு உட்கார்ந்தேன். சோப்புத் தண்ணீரில் நீளவாக்கிலும் குறுக்குவாக்கிலும் தேய்ப்பு. சொரசொரப்பில் காய்ந்துபோன பாலிஷ் வெள்ளை வெள்ளையாகக் கிளம்பி வந்தது. நன்றாகக் காயவிட்டு, ஐசோபிரொபைல் ஆல்கஹால் நனைத்த பனியன் துணியால் துடைத்தேன். முதல் துணி பழுப்பு, இரண்டாவது மங்கல். நாலாவது அழுக்கில்லாமல் வந்தபோதுதான் பாட்டிலைத் திறந்தேன். இந்தச் சமயத்தில் பம்பர் முன்னைவிட மோசமாக, எலும்பு மாதிரி வெளுத்து நிற்கும். பயப்பட வேண்டாம், அதுதான் சரியான பதம்.

பெயின்ட் ஓரங்களில் மாஸ்கிங் டேப். வெயில் ஏறுமுன், பிளாஸ்டிக் தொட்டால் குளிர்ந்திருக்கும் நேரம். ஸ்பாஞ்சில் சில சொட்டுதான். மெல்லிசாக இழுத்து, மிஞ்சியதை உடனே துடைத்துவிட வேண்டும். ஒரு நாள் முழுக்கத் தண்ணீர் படக்கூடாது.

பிளேட்டைத் திருப்பி மாட்டுமுன் பழைய நீள்சதுரத்தைத் தேடினேன். ஓரம் மட்டும் லேசாகத் தெரிந்தது. புதுக் கருப்பு ஒரு சாயல் பளபளப்பு கூடுதல். கழுவ இரண்டு மணி நேரம், தடவ இருபது நிமிடம். அந்த இரண்டு மணி நேரம் இல்லாதவர்கள் பாட்டிலை வாங்கிக் காசைக் கரைக்க வேண்டாம்.