வழியிற் கண்டவை

கல்லூரி மாணவர் மாலைப்பொழுதில் உலாவச் செல்வது உடல்நலங் கருதியென்பர் சிலர். நண்பரோடு அளவளாவுதற்கென்பர் பலர். யாம் உலாவச் செல்வதோ, பெரும்பாலும் நிலத்திற் கிடப்பனவற்றையும் ஊர்வனவற்றையும் காண்டற்பொருட்டேயாம். கைப்பேசியில் அமைந்த நிழற்படக் கருவியே இவ்வழக்கத்தை எமக்கு உண்டாக்கிற்று. கைப்பேசி இளைஞரைக் கெடுக்கின்றதென்று பெரியோர் கூறுவர். அதனை மறுத்தற்கு ஈண்டு யாம் புகுந்திலேம். ஆயினும் ஒன்று கூறுதும்: நடந்துகொண்டே ஒருவன் பூச்சியைப் படமெடுத்தல் இயலாது. அவன் நிற்றல் வேண்டும், குனிதல் வேண்டும், சிலபோது மார்பு நிலத்திற் படக் கிடத்தலும் வேண்டும். அங்ஙனம் கிடந்த எம்மைக் கண்டு, காசு ஏதேனும் தொலைந்ததோவென்று இரங்கி உடன் தேட வந்த வழிப்போக்கரும் உளர்.

எம்மூர் திருச்செந்தூருக்கும் சாத்தான்குளத்திற்கும் இடையே, குதிரைமொழித் தேரியை அடுத்துள்ளது. தேரியென்பது செம்மணல் மேடுகள் தொடர்ந்து கிடக்கும் பரப்பு. மணலின் ஒவ்வொரு துகளையும் இரும்புத்துரு மெல்லிய பூச்சாய்ப் போர்த்திருத்தலின் அந்நிலம் அத்துணைச் சிவப்பாயிற்று. பனையும் உடையும் அங்கு மிகுதி. புதியவர்க்கு அஃது ஒன்றுமில்லாத வெளியாகவே தோன்றும்.

சென்ற ஆண்டு ஐப்பசித் திங்களில், நல்ல மழை பெய்த மறுநாட் காலை, தேரியின் ஓரத்துச் செம்மண் வழியே சென்றோம். ஈரம் புலராத அந்நிலத்தில், சிவந்த பட்டுத்துணியைச் சிறுசிறு துண்டுகளாக்கி உயிர்கொடுத்து விட்டாற்போலப் பூச்சிகள் பல ஊர்ந்துகொண்டிருந்தன. அவ்வாண்டில் எமக்கு அகநானூற்றுக் களிற்றியானை நிரை பாடமாக இருந்தது. அதன் 14 ஆம் பாட்டில் ஒக்கூர் மாசாத்தனார், அரக்குப்போற் சிவந்த நிலத்தையும், அதன்கண் உதிர்ந்து வாடிய காயாம்பூவையும், அவற்றிடையே பரந்த ஈயல் மூதாயையும் ஒருங்கே காட்டி, பவளமும் நீலமணியும் விரவிக் கிடந்தாற்போன்றதென்று உவமிப்பர். மூதாய் என்பது தம்பலப்பூச்சி என்று உரையிற் கண்டதனைக் குறிப்பேட்டில் எழுதி, தேர்வின்பொருட்டு நெஞ்சில் நிறுத்தியுமிருந்தோம். அச்சொல் அன்று எம் காலடியில் ஊர்ந்தது.

உடனே படமெடுக்கலுற்றோம். எடுத்தவை 17, அவற்றுள் 16 எம் மனத்திற்கு இசைந்தில. சிவந்த மண்ணில் சிவந்த பூச்சி படத்தில் விளங்காது மங்கிற்று. கண்ணுக்குப் பளிச்சென்று தோன்றிய அதன் மென்மயிர் ஒளி, படத்தில் வெறும் செங்கறையாகிவிட்டது. அரைமணி நேரம் முயன்றபின், ஒரு பூச்சி ஊர்ந்து சென்று, தரையொட்டிப் படர்ந்திருந்த விஷ்ணுகிரந்தியின் சிறுநீலப்பூ ஒன்றன் அருகே தங்கிற்று. அப்போது எடுத்த படத்தில் பூச்சியின் சிவப்பு தனியே கிளர்ந்தெழுந்தது. மண்ணின் சிவப்பு பின்னே அடங்கிற்று. புலவர் காயாம்பூவை அங்கு ஏன் உதிர்த்தார் என்பது அக்கணமே எமக்கு விளங்கிற்று. அழகுக்காகச் சேர்த்த அடையன்று அந்நீலம். அஃதின்றேல் செந்நிலத்தில் மூதாயைக் காட்டுதல் அரிது. அவரும் எம்மைப்போல் அவ்வழியிற் குனிந்து நோக்கியவரே என்பதில் எமக்கு ஐயமில்லை. உரையாசிரியர் பலரையும் கற்றும் பெறாத இவ்விளக்கத்தை ஒரு பூண்டின் பூவினிடத்துப் பெற்றோம்.

உயிர்நூலார் இதனைப் பூச்சியென்னார். எட்டுக் கால்கள் உடைமையின் சிலந்தியின் இனத்தோடு சார்த்துவர். இளமையில் ஆறு கால்களோடு பிற பூச்சிகளின் உடலைப் பற்றி உறிஞ்சி வாழும். வளர்ந்தபின் பெரும்பாலும் மண்ணுள் மறைந்திருந்து, மழை பெய்தகாலைச் சிறிது பொழுதே வெளிப்படும். ஈசல் புறப்படுவதும் மழையை ஒட்டியே. ஈயலென்பது ஈசலின் பழம்பெயர். பழையோர் இரண்டனையும் சேர்த்து ஈயல் மூதாய் என வழங்கியது இவ்வொற்றுமை பற்றியோ என எண்ணுகின்றோம். எம் ஆசிரியர் இதனைக் கேட்டு நகைத்தாரேயன்றி மறுத்திலர். வடநாட்டிற் சில இடங்களில் மருந்தெண்ணெயின்பொருட்டு இவற்றைப் பிடித்து உலர்த்தி விற்கின்றனர். படமெடுப்போன் அங்ஙனம் எதனையும் கொண்டுபோக வேண்டுவதில்லை.

அப்படத்தை எம் ஆச்சிக்குக் காட்டினோம். கண்புரையால் அவர்க்குப் பார்வை மிகவும் குறைந்துவிட்டது. நிலத்திற் கிடக்கும் ஊசியும் காசும் அவர்க்கு இல்லாதனவாகிப் பல ஆண்டுகளாயின. இரு விரலாற் படத்தைப் பெரிதாக்கி, முகத்தருகே பிடித்தோம். சிறிதுபோது நோக்கி, "தம்பலப்பூச்சில்லா ஐயா! தீப்பெட்டிக்குள்ள போட்டு வச்சிருப்போம். இது இப்பமும் வருதா?" என்றார். தம் கண்ணொளி குன்றிய காலத்தோடு அவையும் ஒழிந்தனவென்றே அவர் கருதியிருந்தனர் போலும். அகநானூறு அவர் கேட்டறியாதது. உரையிற் கண்ட சொல் அவர் வாயிற் பிறந்தபோது, எம் குறிப்பேட்டை மீண்டும் எடுத்துப் பார்த்தோம்.

அதுமுதல் எடுத்த படங்களையெல்லாம் அவரிடம் கொண்டுபோகலாயினோம். எம் வீட்டு இறவாரத்தடியில், மழை படாத புழுதியில், புனல் போன்ற சிறுகுழிகள் பல உண்டு. அவற்றைக் காலையிற் சாய்ந்த வெயிலில் எடுத்தல் வேண்டும். உச்சிப்பொழுதில் நிழலின்றிக் குழியே தோன்றாது. படம் கண்டதும் "குழியானை" என்றார். பின்னோக்கி நடந்தே குழி பறிக்கும் அவ்வுயிர், அடியில் ஒளிந்திருந்து, சரிவில் வழுக்கும் எறும்பின்மேல் மணலை வீசி வீழ்த்தும். வளர்ந்தபின் தும்பியையொத்த சிறகுடையதாகிப் பறந்துபோம். ஆனையென்ற பெயரை எறும்பே இட்டிருத்தல் வேண்டும். மனிதன் இட்டதாகத் தோன்றவில்லை.

கல்லூரி வளாகத்துப் புங்கமரத்தின் இலைகளில் கொப்புளங்கள்போற் புடைத்திருப்பவற்றையும் எடுத்துள்ளோம். அவை கண்ணுக்குப் புலனாகா நுண்சிலந்திகள் இலையைக் கொண்டே தமக்கு அமைப்பித்துக்கொண்ட வீடுகள். நாட்டு மருந்துக் கடைகளில் கடுக்காய்ப்பூ என்று விற்பதும் பூவன்று. கடுக்காய் மரத்து இலையில் பூச்சியால் உண்டாகும் இத்தகைய புடைப்பே. பெயரிட்டோர் பூவென்று ஏமாந்தனரென யாம் நினைத்திலேம். இலையினின்று ஒன்று மலர்ந்தாற்போல் நின்றது, பூவென்றனர். 1964 ஆம் ஆண்டில் இப்புடைப்புக்களைப் பற்றியே ஒரு பெருநூல் எழுதிய எம். எஸ். மணி என்பார் நம் நாட்டவரென்பது, விலங்குநூல் பயிலும் நண்பர் ஒருவர் சொல்ல எமக்குத் தெரிந்தது.

இனி ஒன்றுளது. கருவேலமரக் கிளைகளில், விரற்கடை நீளத்துக் குச்சிகளைக் கற்றையாய்க் கட்டித் தொங்கவிட்டாற்போன்ற பொதிகள் காணப்படும். பார்வைக்குச் சிறு விறகுக்கட்டே. உள்ளே ஒரு புழு உண்டு. தான் சுரக்கும் நூலாற் குச்சிகளைப் பிணைத்து, அவ்வீட்டைச் சுமந்தே மேயும். ஆண் சிறகு பெற்று வெளியேறும். பெண்ணோ சிறகின்றி அப்பொதிக்குள்ளேயே முட்டையிட்டு மாயும். இதன் படத்தை ஆச்சி நெடுநேரம் நோக்கினார். விறகு பொறுக்கும் நாளில் இதனைக் கண்டதுண்டென்றும், தம் தாயார் இதற்கொரு பெயர் சொல்வாரென்றும், அது நாவின் நுனியில் நிற்கின்றதென்றும் கூறினார். மறுநாளும் கேட்டோம், அதற்கடுத்த விடுமுறையிலும் கேட்டோம். வரவில்லை.

அப்படம் தமிழ்த்துறையின் அறிவிப்புப் பலகையில் ஒட்டப்பட்டுள்ளது. ஆசிரியரும் மாணவரும், இவ்விதழைப் படிக்கும் பழைய மாணவரும், தத்தம் ஊரில் இதற்கு வழங்கும் பெயரையும், அதனைச் சொன்னவர் இன்ன ஊரினர் என்பதையும் படத்தின்கீழ் எழுதியருளுவாராக. பலகைக்கு வர இயலாதார் தமிழ்த்துறைக்கு ஒரு வரி எழுதினும் அமையும்.