குரங்கணியும் புரொஃபைல் படங்களும்

2018 மார்ச் 11, ஞாயிற்றுக்கிழமை. தேனி மாவட்டம் குரங்கணி மலையில் டிரெக்கிங் போனவர்களைக் காட்டுத்தீ சூழ்ந்துகொண்டது. சிகிச்சை பலனின்றி இறந்தவர்களையும் சேர்த்தால் 20 பேருக்கு மேல் போய்விட்டார்கள். பெண்கள்தான் அதிகம்.

அன்றிரவு டிவி முன்னால் உட்கார்ந்திருந்தேன். போன வாரம் மலையேறிய ஷூவில் செம்மண்கூடக் காயவில்லை. திரையில் யார் யாருடைய புரொஃபைல் படங்களோ வந்தன. கூலிங்கிளாஸ், சிரிப்பு, பின்னால் மேகம். உயிரோடு மீண்டு வந்தவர்களின் வாய்க்கு நேரே மைக். போனில் திறந்தால், அதே செய்திக்குக் கீழே கமெண்டில், “பொம்பளப் புள்ளைங்களுக்கு மலையில என்ன வேலை?”

என்ன வேலையா? வாரமெல்லாம் உழைத்தவர்கள், ஒரு வார இறுதியில் மூச்சுவிடப் போனார்கள். அது குற்றமில்லை.

அனுமதி இருந்ததா என்று டிவியில் கேட்டார்கள், கேட்க வேண்டியதுதான். ஆனால் மார்ச் வெயிலில் காய்ந்த புல் எவ்வளவு வேகமாகப் பற்றும், சரிவில் தீ ஏன் மேல்நோக்கி ஓடும், எந்தப் பக்கம் தப்பிப்பது? மலையேறுகிற நாங்கள் தெரிந்துகொள்ளத் தவித்தது இதைத்தான். இதற்கு ஒதுக்க யாரிடமும் ஐந்து நிமிடம் இல்லை.

மறுநாள் காலை அம்மா போனில் அழுதாள். “நீயும் இப்படித்தானேடா போற?” அதன்பிறகு கோடையில் நான் காட்டுக்குள் கால் வைத்ததில்லை.