கடற்பாசிக் கரைசலும் தகரக் கொட்டிலும்

யாழ்ப்பாணத்துக் கமக்காரன் பொருள்களைச் சேமித்து வைப்பதிற் கைக்கொண்டு வந்த அறிவு பெரும்பாலும் ஈரத்துக்கு எதிரான அறிவே எனலாம். யூரியா மூட்டையை அவன் வெறும் நிலத்தில் வைப்பதில்லை. பலகை அடுக்கி அதன்மேல் வைப்பான். சுவரோடு சாய்க்காமல் ஒரு சாண் தள்ளி வைப்பான். மாரி தொடங்குமுன் பையின் வாயை இறுக்கிக் கட்டுவான். விதை வெங்காயத்தைப் பிடிபிடியாக முடிந்து காற்றாடும் கொட்டிலில் தொங்கவிடுவதும் இந்த அறிவின் பாற்பட்டதே. வெப்பம் அவனுக்குப் பகையன்று. வெப்பமே அவனுடைய களஞ்சியத்தின் காவலாளி. ஆகவே நண்பகலில் உலைபோலக் கொதிக்கும் தகரக் கொட்டில் பசளைக்கு உகந்த இடமென்று அவன் எண்ணியதிற் பிழை காண முடியாது. கடற்பாசித் திரவப் பசளை அவன் கைக்கு வந்தபோது அதுவும் அந்தக் கொட்டிலுக்கே சென்றது.

கடலுக்கும் தோட்டத்துக்குமான உறவு குடாநாட்டில் புதியதன்று. கரையொதுங்கும் சாதாளையை அள்ளி, மழையில் உப்புக் கழியவிட்டு, தென்னைக்கும் தோட்டப் பயிருக்கும் தாழ்க்கும் வழக்கம் தீவுப் பகுதிகளிலும் கரையோர ஊர்களிலும் இருந்தது. அயர்லாந்தின் மேற்குக் கரையிலுள்ள அரான் தீவுகளில், வெறும் பாறைமீது மணலையும் கடற்பாசியையும் மாறிமாறிப் பரப்பி மண்ணையே உண்டாக்கிக் கிழங்கு பயிரிட்டார்கள். ஆனால் பாசியைத் திரவமாக்கிப் போத்தலில் அடைக்கும் முறை இரண்டாம் உலகப் போருக்குப் பிற்பட்டது. 1940களின் பிற்பகுதியில் மில்ற்றன் என்னும் ஆங்கில உயிர்இரசாயனவியலாளர், பாசியைக் காரநீருடன் சேர்த்து அழுத்தத்தின் கீழ் வெப்பமேற்றிக் கரைக்கும் வழியை வகுத்தார். இன்று விற்பனையாகும் கபில நிறச் சாறுகளுட் பல அவ்வழியின் வாரிசுகளே. பாக்கு நீரிணைக்கு அப்பால், மண்டபம் பகுதியில் வளர்க்கப்படும் கப்பாபைக்கசு என்னும் பாசியைப் பச்சையாகவே அரைத்துப் பிழிந்து சாறெடுக்கும் முறையைப் பவநகரிலுள்ள மத்திய உப்பு, கடல்சார் இரசாயன ஆய்வு நிறுவனத்தினர் உருவாக்கினர். அதே இனப் பாசி கிளிநொச்சி மாவட்டத்து வலைப்பாட்டிலும் வளர்க்கப்படுகின்றது.

இவ்விரு வகைச் சாறுகளும் பார்வைக்கு ஒன்றுபோலத் தோன்றினும் சேமிப்பில் வேறுபடுவன. காரத்தாற் கரைக்கப்பட்டது காரத்தன்மையுடனேயே விற்கப்படுமாயின், அக்காரமே நுண்ணங்கிகள் எளிதிற் பெருகாதவாறு ஓரளவுக்குத் தடுத்து நிற்கும். பிழிந்தெடுத்த சாற்றுக்கு அந்த அரண் இல்லை. காப்புப் பொருள் சேர்க்காவிடின் பதநீர் கள்ளாவதுபோல அது விரைவிற் புளித்துவிடும். எனவே கலனின் மேல் ஒட்டியிருக்கும் சுட்டுத்துண்டை வாசிப்பது விலையை அறிவதற்கு மாத்திரமன்று. உள்ளே இருப்பது எவ்வகையது என்பதை அறியாமல் அதை எங்கே, எத்தனை நாள் வைக்கலாமென்று தீர்மானிக்க இயலாது.

2021 மே மாதத்தில் இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டது. அதே ஆண்டு நவம்பரில் அத்தடை நீக்கப்பட்டது. இடைப்பட்ட மாதங்களில் திரவப் பசளை என்ற பெயருடைய எதற்கும் தேவை மிகுந்தது. வலிகாமத்துச் செம்மண்ணில் வெங்காயமும் மிளகாயும் செய்யும் ஒருவர், மனைவியின் காப்பினை அடகு வைத்து இருபது லீற்றர் கடற்பாசிச் சாறு வாங்கினார். கடற்பாசிச் சாற்றில் நைதரசனும் பொசுபரசும் மிகச் சொற்பம். பொற்றாசியம் ஓரளவு உண்டு. அதன் பெறுமதி சைற்றோகைனின் போன்ற வளர்ச்சிப் பதார்த்தங்களிலும், மனிற்றோல் முதலிய வெல்லமதுசாரங்களிலும், பல்சக்கரைட்டுக்களிலும் தங்கியுள்ளது. யூரியாவின் இடத்தை அதனால் நிரப்ப முடியாது. பயிரை வேர்விடவும் வாட்டத்தைத் தாங்கவும் தூண்டும் துணைப்பொருள் என்பதே அதற்குரிய இடம். இதனை அந்நாளில் அவருக்கு எடுத்துரைத்தவர் எவருமில்லை. அடகுக் கடைச் சீட்டோ சட்டைப் பையில் இருந்தது.

லீற்றர் நீருக்குச் சில மில்லிலீற்றர் மாத்திரம் வேண்டப்படும் பொருள் ஒரு போகத்தில் தீர்ந்துவிடாது. அரைவாசி எஞ்சியது. அடுத்த நடுகைவரை அக்கலன் தகரத்தின் கீழ்ப் பங்குனி, சித்திரை வெயிலைக் கண்டது. அளந்தெடுப்பதற்காக ஒரு பழைய பேணியை அதனுள்ளேயே தோய்த்து எடுப்பது வழக்கமாயிருந்தது. அதே பேணியாற் சாணக் கரைசலையும் அள்ளினார்கள். மூடி சிலநாள் திருகப்பட்டது. சிலநாள் மேலே வைக்கப்பட்டது.

பேராதனையில் விஞ்ஞானம் கற்கும் மகள் விடுமுறைக்கு வந்தபோது கலனின் இருபக்கமும் புடைத்திருந்தன. அவள் முகத்தை அப்பாற் திருப்பிக்கொண்டு மூடியை மெல்லத் தளர்த்தினாள். காற்று சீறி வெளியேறிற்று. பின்னர் கூழ்முட்டை நாற்றம் கொட்டிலை நிறைத்தது.

“அப்பா, இது சரிவராது. நாத்துக்கு விடாதையுங்கோ.”

“கடல் சாமான் எண்டால் மணக்கும்தானே, பிள்ளை?”

தந்தையின் கேள்வி அறியாமையினால் எழுந்ததன்று. நல்ல சாற்றுக்கும் மணம் உண்டு. ஆனால் அது வற்றுக் காலத்துக் கடற்கரையின் மணம். கூழ்முட்டை நாற்றம் ஐதரசன் சல்பைட்டினுடையது. பாசியின் பல்சக்கரைட்டுக்கள் பலவற்றில் சல்பேற்றுக் கூட்டங்கள் உள்ளன. ஒட்சிசன் அற்ற கலனில் சில பற்றீரியங்கள் சல்பேற்றைத் தாழ்த்துவதால் அவ்வாயு பிறக்கின்றது. சாணமும் தூசியும் உள்ளே சென்ற கலனில், நாற்பது பாகையைத் தாண்டும் வெப்பத்தில், அவை பெருகுவதற்குத் தடையேதும் இருக்கவில்லை. அடியிற் படியும் மண்டி கெட்டதன் அறிகுறியன்று, குலுக்கினாற் கலந்துவிடும். நுரைத்தல், புடைத்தல், நாற்றம், மேலே பூஞ்சணப் படலம் ஆகியவையே அஞ்சத்தக்கன. பொங்கிய கலனை முகத்துக்கு நேரே திறப்பது ஆபத்து என்பதையும் மறத்தலாகாது.

பத்து லீற்றரை வீசுவதா என்ற கேள்விக்கு அன்று மாலைவரை அவ்வீட்டில் முடிவு காணப்படவில்லை. தாய் ஒன்றும் பேசவில்லை; அவளுடைய இடக்கை வெறுமையாயிருந்தது. புளித்த சாறு இளநாற்றின் வேரைத் தாக்குமா, தாக்காதா என்பதை நிறுவ மகளிடம் ஆய்வுகூடம் இல்லை. ஆனால் நாற்றுமேடையோ ஒன்றுதான். அது அழிந்தால் மீண்டும் விதைக்கப் பணமில்லை. மகளின் வாதம் அவ்வளவே, அது போதுமானதாயிற்று. கலனைக் கொண்டுபோய், கிணற்றுக்கு எட்டத்திலுள்ள எருக்கிடங்கில் நாளுக்குக் கொஞ்சமாக ஊற்றினார்கள். சுண்ணாம்புக்கல் நிலத்தில் ஊற்றியது கிணற்றில் ஊறிவர நெடுநாள் ஆகாது என்பது யாவரும் அறிந்ததே.

சாற்றினை எவ்வாறு பேணியிருக்க வேண்டும்? விடை பெருஞ்செலவு வேண்டாதது. வடக்குப் பார்த்த பத்தியோ, ஓலை வேய்ந்த அறையோ, மரநிழலிலுள்ள சுவர் மூலையோ போதும். முப்பது பாகைக்கு மேற்படாதிருப்பதே நன்று. குளிர்நாட்டு நூல்கள் உறையாமற் காக்கச் சொல்வது இங்கு வேண்டாத அறிவுரை. வெயில் படலாகாது, ஒளியும் வெப்பமும் வளர்ச்சிப் பதார்த்தங்களைச் சிதைப்பன. ஆகையால் ஒளிபுகாத தடித்த பிளாத்திக்குக் கலனே ஏற்றது. காரச் சாறு அலுமினியத்தையும் நாகத்தையும் அரிக்கும். எனவே அலுமினியப் பாத்திரமும் நாகப்பூச்சு வாளியும் விலக்கத்தக்கன. பேணியை உள்ளே விடாமல் வேண்டிய அளவை வெளியே ஊற்றி அளக்க வேண்டும். மிஞ்சியதைத் திரும்ப ஊற்றலாகாது. திறந்த திகதியை மேலே எழுதிவைப்பதும், பெரிய கலனைத் திறந்தவுடன் சுத்தமான சிறு கலன்களிற் கழுத்துவரை நிரப்பிவைப்பதும் காற்றின் தொடர்பைக் குறைக்கும் வழிகள்.

சிறு கலன் என்றதும் சோடாப் போத்தலைத் தேடுவது ஊர் வழக்கம். இவ்விடத்துக் கண்டிப்பு வேண்டும். பானப் போத்தலில் ஊற்றிவைத்த விவசாய இரசாயனங்களைத் தவறுதலாகக் குடித்து மாண்டோர் இந்நாட்டில் உள்ளனர். கடற்பாசிச் சாறு பீடைநாசினியைப்போல நஞ்சன்று என்பது உண்மையே. எனினும் காரமான கபில நிறத் திரவம் கோலாப் போத்தலில் இருக்குமாயின், குழந்தையின் கண்ணுக்கு அது கோலாவே.

நீருடன் கலந்த பின்னரும் ஒரு சிக்கல் உண்டு. கலவையைப் பீப்பாயில் வைத்து இரண்டு மூன்று நாளைக்குத் தெளிப்பது சிக்கனமெனத் தோன்றும். ஆனால் நீர் சேர்ந்ததும் காரமும் காப்புப் பொருளும் ஐதாகிவிடுகின்றன. சாறு நுண்ணங்கிகளுக்கு உணவாகிவிடுகின்றது. கலந்ததை அன்றன்றே முடித்தல் வேண்டும். அன்றியும், குடாநாட்டுக் கிணற்று நீர் கல்சியம் மிக்க வன்னீர். கபிலப் பாசியிலுள்ள அல்சினேற்று கல்சியத்துடன் கூடிக் கூழாகும் இயல்புடையது. நேரம் செல்லச்செல்லத் திரண்டு தெளிகருவியின் துவாரத்தை அடைக்கலாம். சேமித்த மழைநீர் கிடைக்குமாயின் அதனையே பயன்படுத்துவது மேல். இதனாலேதான் முதலில் ஒரு போத்தலிற் சிறிதளவு கலந்து அரைமணி நேரம் வைத்துப் பார்க்குமாறு மகள் சொல்லிக் கொடுத்தாள்.

அடுத்த போகத்துக்கு அவர் இருபது லீற்றர்க் கலன் வாங்கவில்லை. ஒரு லீற்றர்ப் போத்தல் இரண்டு வாங்கினார். லீற்றர்க் கணக்கிற் பார்த்தால் விலை கூட. ஒன்றைத் திறந்து திகதியைக் கரிக்கட்டியாற் சுவரில் எழுதினார். மற்றையதைச் சாமியறைக்குப் பின்னால், வெங்காயப் பிடிகள் தொங்கும் இடத்துக்கு எதிர்த்திசையிலுள்ள குளிர்ந்த மூலையில், ஈரச் சாக்கினால் மூடி வைத்தார். ஈரச் சாக்கைக் கண்ட அயலவர் ஒருவர், “பசளைக்குப் பக்கத்திலை ஈரமோ, அண்ணை?” என்று வியந்து கேட்டார். காப்பு அந்த ஆண்டு தைப்பொங்கல் கழிந்த பின்னரே மீட்கப்பட்டது.