ஒன்பது நட்டுகளும் ஒரு மொறிஸ் மைனரும்

யாழ்ப்பாணத்தில் பழைய கார் என்றால் எல்லா வீட்டிலும் ஒரு மண்ணெண்ணெய்க் கதை இருக்கும். 1990இல் பொருளாதாரத் தடை வந்து பெற்றோல் இல்லாமல் போன பிறகு, துளிப் பெற்றோலில் ஸ்டார்ட் எடுத்து, மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓடிய கதை. மண்ணெண்ணெய்க்கு ஒக்டேன் குறைவு, எஞ்சின் தட்டும். எரியாத மிச்சம் கீழே இறங்கி ஒயிலைத் தண்ணியாக்கும். அப்படியென்றால் அந்த எஞ்சின்களை யாரோ திரும்பத் திரும்பக் கழற்றிப் பூட்டியிருக்க வேணும். ஓட்டினவர்களின் கதை எங்களிடம் நிறைய இருக்கிறது. பூட்டினவர்களின் கதை குறைவு.

நாங்கள் மூன்று பேரும் கலைப்பீடம். எங்களில் ஒருவனுடைய வீட்டுக் கொட்டிலில் அப்பப்பாவின் மொறிஸ் மைனர் நிற்கிறது, 948 சிசி எஞ்சின். ஹெட் காஸ்கட் போய், ஒயில் பால் விட்ட தேத்தண்ணி மாதிரி ஆகிவிட்டது. காரை வாங்க ஒருத்தர் வந்து பார்த்துவிட்டும் போயிருந்தார். அப்பம்மா ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டா: "ஓடினா நிக்கட்டும். ஓடாட்டிக் குடுத்திடுங்கோ. கண்ணுக்கு முன்னால துருப்பிடிக்க விடேலாது."

அதனால்தான் கராஜ் ஐயாவிடம் போனோம். எழுபது வயது தாண்டியவர். தடைக் காலம் முழுக்க இந்த எஞ்சின்களோடு மாரடித்தவர். "நான் பக்கத்தில நிக்கிறன், நீங்கள் பூட்டுங்கோ" என்றார்.

இந்த எஞ்சினில் ஹெட்டைப் பிளொக்கோடு சேர்த்துப் பிடிப்பது ஒன்பது ஸ்டட்டும் ஒன்பது நட்டும்தான். இடையில் மெல்லிய காஸ்கட். நெருப்பு, தண்ணி, ஒயில் மூன்றும் தங்கள் தங்கள் வழியில் போக வேண்டும், ஒன்றோடொன்று கலக்கக் கூடாது. மனுவலில் நட்டுக்கு 40 அடி-இறாத்தல் என்று போட்டிருக்கிறது. நாங்களும் ஒரு டோர்க் ரெஞ்ச் இரவல் வாங்கிக்கொண்டு போயிருந்தோம். குறித்த அளவு வந்ததும் 'டிக்' என்று சொல்லும் ரகம். ஐயா அதைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நல்ல சாமான். ஆனா எவ்வளவு இறுக்கினனீங்கள் எண்டுதான் இது சொல்லும். எவ்வளவு பிடிக்குது எண்டு சொல்லாது."

இரண்டும் ஒன்றுதானே என்று கேட்டோம். இல்லை. நட்டை இறுக்கும்போது ஸ்டட் மிக நுண்ணிய அளவில் நீள்கிறது, ஸ்பிரிங் மாதிரி. நீண்டது சுருங்கப் பார்க்கிற அந்த இழுவைதான் ஹெட்டைப் பிடித்து வைத்திருக்கிறது. ரெஞ்ச் இழுவையை அளப்பதில்லை, நட்டைத் திருப்ப எவ்வளவு பலம் வேண்டும் என்பதை அளக்கிறது. அந்தப் பலத்தில் பெரும்பகுதி உராய்வுக்கே போய்விடும், ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்குதான் இழுவையாக மாறும். புரியில் துரு இருந்தால் 40க்கு 'டிக்' என்று வரும், ஆனால் ஸ்டட் சரியாக நீண்டிருக்காது. கொஞ்ச நாளில் காஸ்கட் திரும்பவும் போகும்.

அதனால் முதல் அரைநாள் நாங்கள் எதையும் இறுக்கவே இல்லை. கம்பிப் பிரஷ்ஷால் புரியைத் தேய்த்து, மண்ணெண்ணெயில் கழுவி, துடைத்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு துளி ஒயில். பிறகுதான் ஒழுங்குமுறை. நடு நட்டில் தொடங்கி, மாறி மாறி வெளிப்பக்கம் போக வேணும். ஒரேயடியாக 40 இல்லை: முதல் சுற்று 15, அடுத்தது 30, கடைசியில் 40. ஒரு முனையை முதலில் இறுக்கினால் மற்ற முனை கிளம்பும், ஹெட் வளையும், காஸ்கட் ஒரு பக்கம் நசுங்கி மறுபக்கம் தளர்ந்து நிற்கும்.

கடைசிச் சுற்றில் எட்டு நட்டும் 'டிக்' சொன்னது. ஒன்று சொல்லவில்லை. கை போய்க்கொண்டே இருந்தது, பாரம் கூடவில்லை. ஐயா எட்டி எங்கள் கையைப் பிடித்தார்.

"விடு தம்பி, விடு! அது இழுபடுது."

ஸ்டட் தன் எல்லையைத் தாண்டி இழுபட்டுவிட்டது, இனித் திரும்பிச் சுருங்காது. இன்னும் கொஞ்சம் திருப்பியிருந்தால் பிளொக்குக்குள்ளேயே முறிந்திருக்கும். துளைத்து எடுக்கப் போய்ப் பிளொக்கின் புரியும் போனால், கார் அன்றைக்கே வாங்க வந்தவருக்குச் சொந்தம். ரெஞ்ச் வராத 'டிக்'குக்காகக் காத்துக்கொண்டிருந்தது. அதற்கு முதலே ஐயாவின் கண்ணுக்குப் பிடிபட்டுவிட்டது.

கொழும்பிலிருந்து புது ஸ்டட் பஸ்ஸில் வந்து சேர மூன்று நாள். ஒருமுறை நசுங்கின காஸ்கட்டைத் திரும்பப் போடக் கூடாது என்பதால் அதுவும் புதிசு.

அந்த மூன்று நாளும் இதைப் பற்றித்தான் கதைத்தோம். எழுத்து மரபு, வாய்மொழி மரபு என்று வகுப்பில் பிரித்துப் படிக்கிறோம், பிறகு எது உசத்தி என்று அடிபடுகிறோம். மனுவலில் உள்ள 40 பிழையான எண் இல்லை. சுத்தமான புரிக்கும் பழுதில்லாத ஸ்டட்டுக்கும் சொன்ன எண் அது. எங்கள் முன்னால் இருக்கிற ஸ்டட் அப்படிப்பட்டதா என்று பார்க்க ஒரு ஆள் வேணும். அதற்காகக் கை மட்டும் போதும் என்றும் சொல்ல முடியாது. அதை ஐயாவே சொன்னார்: "அந்த நேரம் கையால இறுக்கி நான் முறிச்ச ஸ்டட்டும் கனக்க. மாத்தப் புதுசு இல்லை. ஒரு ரெஞ்ச் இருந்திருந்தா எத்தினை எஞ்சின் மிஞ்சியிருக்கும்!"

அவருடைய கராஜில் இப்போது பழக வருகிற பிள்ளைகள் இல்லை. நாங்கள் மெக்கானிக் ஆகப் போவதும் இல்லை. ஆனாலும் அவர் சொல்லச் சொல்ல ஒரு கொப்பியில் எழுதியிருக்கிறோம்: எந்தச் சத்தம் எதைக் குறிக்கும், எந்தப் பாரத்தில் கை நிற்க வேண்டும் என்று. உங்கள் ஊரிலும் இப்படி ஒருத்தர் இருப்பார். கொப்பியோடு போங்கோ, ஏலுமென்றால் ஒரு ஸ்பனரோடும் போங்கோ. பக்கத்தில் நின்று இறுக்கிப் பார்க்காமல் பாதி விளங்காது.

கார் ஓடுகிறது. வாங்க வந்தவருக்கு அப்பம்மாவே ஃபோன் எடுத்து இல்லை என்று சொல்லிவிட்டா. ஆனால் வேலை முடியவில்லை. எஞ்சின் சூடாகி ஆறும்போது காஸ்கட் கொஞ்சம் படியும். அதனால் அடுத்த நாள் எஞ்சின் ஆறியிருக்கும்போது ஒன்பதையும் திரும்பப் பார்த்தோம், வால்வ் இடைவெளியையும் 0.012 அங்குலத்துக்குத் திரும்ப வைத்தோம். 500 மைல் ஓடிய பிறகு இன்னொருக்கா பார்க்க வேணும். இப்ப 140 மைல்தான் ஆகியிருக்கு.