அப்பாவின் இடது கால்

நான் காலேஜ் கேட்டுக்குள்ள நுழையறதுக்கு முன்னாடியே பசங்களுக்குத் தெரிஞ்சிடும். "லாரி வந்துடுச்சு மச்சி"ம்பானுங்க. லாரி இல்லீங்க, டாடா இண்டிகா. 2006-ல வாங்கினது. டீசல், 1405 சிசி, அஞ்சு கியர், டர்போ எல்லாம் கிடையாது. சிக்னல்ல நின்னா கியர் ராடு தானா தலையாட்டும். பக்கத்துல ஸ்கூட்டியில நிக்கிற பொண்ணு துப்பட்டாவை எடுத்து மூக்கைப் பொத்திக்கும். அந்தக் கதைக்குக் கடைசியில வர்றேன் :-)

மொதல்ல கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கிறேன்.

அப்பா பம்ப்செட் ஸ்பேர் பார்ட்ஸ் விற்பனை பார்த்தவர். திருநெல்வேலியில கிளம்பி கோவில்பட்டி, சங்கரன்கோவில், விளாத்திகுளம்னு கடை கடையா ஏறி இறங்கி, நைட்டுதான் வீடு திரும்புவார். ஒரு நாளைக்கு நூறு, நூத்தி இருபது கிலோமீட்டர். அந்த ஓட்டத்துக்கு அப்ப டீசல் வண்டிதான் கட்டும். பெட்ரோலை விட டீசல் லிட்டருக்கு பத்து ரூபாய்க்கும் மேல கம்மியா இருந்த காலம் அது. 2014 அக்டோபர்ல டீசல் விலை மேல இருந்த கட்டுப்பாட்டை எடுத்தாங்க. அதுக்குள்ள வண்டி தன் விலையைச் சம்பாதிச்சுக் கொடுத்துடுச்சும்பார் அப்பா. அக்கா கல்யாணம், என் ஸ்கூல் பீஸ், வீட்டு மாடி எல்லாம் அந்த வண்டி ஓடின ஓட்டத்துல வந்ததுதான். இப்ப மீட்டர்ல 2,84,000 கிலோமீட்டர்.

ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி அப்பாவோட இடது முட்டியில தேய்மானம்னு டாக்டர் சொன்னார். வலது முட்டியா இருந்தாக்கூட சமாளிச்சிருப்பார் போல. இடது கால்தானே கிளட்ச்? ஒரு நாள் வண்ணாரப்பேட்டை டிராஃபிக்ல கிளட்சை முழுசா மிதிக்க முடியாம வண்டி ரெண்டு குதி குதிச்சு நின்னுடுச்சு. பின்னாடி அத்தனை ஹாரன். வீட்டுக்கு வந்ததும் சாவியை டிவி மேல வச்சார். "இனி நீ ஓட்டுலே"ன்னார். வேற ஒண்ணும் சொல்லல. அன்னைக்கு அவர் சரியா சாப்பிடவும் இல்ல.

மாமா உடனே, "வித்துட்டு ஆட்டோமேட்டிக் ஒண்ணு வாங்குங்க மச்சான், நீங்களே ஓட்டலாம்"னார். அப்பா சிரிச்சு மழுப்பிட்டார். காசு ஒரு காரணம். அது மட்டும்தான் காரணம்னு நான் நம்பல.

சரி, மேட்டருக்கு வருவோம். நான் மெக்கானிக்கல் மூணாவது வருஷம். டீசல் சைக்கிளை படம் போட்டு 13 மார்க்குக்கு எழுதினவன். பெட்ரோல் இன்ஜினுக்கு ஸ்பார்க் பிளக் வேணும். டீசலுக்கு வேணாம். காத்தை இருபது மடங்குக்கு மேல அழுத்தினா அதுவே கொதிச்சுப் போகும், அதுல டீசலைப் பீச்சினா தானா பத்திக்கும். இதெல்லாம் அத்துப்படி. ஆனா ஸ்டியரிங் பிடிச்ச முதல் வாரமே எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு தெரிஞ்சு போச்சு.

காலையில சாவியைத் திருப்பினதும் செல்ஃப் அடிக்கக் கூடாது. மீட்டர்ல சுருள் மாதிரி ஒரு லைட் எரியும். ஹீட்டர் பிளக் சூடாகுதுன்னு அர்த்தம். அது அணையற வரைக்கும் காத்திருக்கணும். "அதுக்கும் தூக்கம் கலையணும்ல"ம்பார் அப்பா. வண்டியில ஆர்.பி.எம். மீட்டர் கிடையாது. கியர் மாத்த வேண்டிய நேரத்தைக் காதுதான் சொல்லணும். இன்ஜின் உறுமி இழுத்தா மேல போடு, தட்டுற மாதிரி முக்கினா கீழ போடு. டவுனுக்குள்ள ரெண்டாவது கியர்ல ஆக்சிலேட்டர் மேல காலே வைக்காம ஊர்ந்து போகும். அதான் பழைய டீசலோட பலம். மேட்டுல ஓவர்டேக் பண்ண நினைச்சா மட்டும் ஏசியை அணைச்சுட்டு, குலதெய்வத்தைக் கும்பிட்டுட்டு, ரெண்டு தடவை யோசிக்கணும் :-)

செங்கோட்டையில இருந்து ஆரியங்காவு போற புளியரை மலைப்பாதையில ஒரு தடவை நாலாவது கியர்லயே பிரேக்கை மிதிச்சு மிதிச்சு இறங்கினேன். "எந்த கியர்ல ஏறுனியோ அதுலயே இறங்குலே. பிரேக்கைக் காய வைக்காத"ன்னார். ரெண்டாவதுக்கு மாத்தினேன். இன்ஜினே வண்டியைப் பிடிச்சு நிறுத்தி மெதுவா இறக்கி விட்டுச்சு. எங்க புக்ல இது ஒரு வரிதான் வரும். அன்னைக்கு அது உடம்புல ஏறுச்சு.

இப்ப அந்த ராத்திரி. அப்பா முட்டிக்கு மதுரையில ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு திரும்பி வந்துட்டிருந்தோம். டீசல் முள் கீழ கிடந்தது. "கால் டேங்குக்குக் கீழ விடாதலே"ன்னு அவர் நூறு தடவை சொன்னதுதான். ஊர் வந்துடும்னு நினைச்சேன். கயத்தாறுக்குக் கொஞ்சம் முன்னாடி, ரெண்டு பக்கமும் காத்தாடி சுத்துற இடத்துல, வண்டி இருமுச்சு. இன்னொரு தடவை இருமுச்சு. நின்னுடுச்சு. மணி ஒன்பதரை.

ஒரு பைக்காரர் என்னை பங்க்குக்குக் கூட்டிட்டுப் போய், அஞ்சு லிட்டர் கேனோட திரும்பக் கொண்டு வந்து விட்டார். ஊத்தினேன். செல்ஃப் அடிச்சேன். சுத்துது, பத்தல. மறுபடி அடிச்சேன். பேட்டரி இறங்குற சத்தம். எனக்கு அழுகையே வந்துடுச்சு. அப்பா வெளிய ரொம்ப நேரம் நிக்க முடியாது. காலை நீட்டி பக்கத்து சீட்டுல உட்கார்ந்திருந்தார்.

"நிறுத்து. லைன்ல காத்து ஏறிடுச்சு. பெட்ரோல் வண்டி மாதிரி இதுக்கு ஊத்துனா மட்டும் போதாது. பானெட்டைத் திற"ன்னார்.

செல்போன் லைட்டை வாயில கவ்விக்கிட்டு, அவர் உள்ள உட்கார்ந்துக்கிட்டே சொல்லச் சொல்ல செஞ்சேன். டீசல் பில்டர் தலையில இருக்குற ஏர் ஸ்க்ரூவை லேசா லூஸ் பண்ணி, ஹேண்ட் பம்பை அமுக்கணும். மொதல்ல நுரை நுரையா வந்துச்சு. "நுரை வருதுப்பா." "அமுக்கு." இருபது, முப்பது தடவை அமுக்கினதும் கொப்புளம் இல்லாம சுத்தமா டீசல் வழிஞ்சுச்சு. ஸ்க்ரூவை முறுக்கிட்டு வந்து செல்ஃப் அடிச்சேன். டக்குனு ஒரு இருமல், மறுபடி ஒண்ணுமில்ல.

அப்பா கண்ணை மூடிக் கேட்டுட்டிருந்தார். "ரெண்டு சிலிண்டர் பிடிக்குது. ரெண்டுல இன்னும் காத்து இருக்கு. பேட்டரிக்கு ரெண்டு நிமிஷம் ரெஸ்ட் விடு. பிறகு அடி."

விட்டேன். அடிச்சேன். மொதல்ல ரெண்டு, அப்புறம் மூணு, அப்புறம் நாலும் சேர்ந்து தடதடன்னு பிடிச்சுச்சு. அந்த ரோட்டுல அதை விட நல்ல சத்தத்தை நான் கேட்டதில்ல. அப்பா என் கையைப் பார்த்தார். முழங்கை வரைக்கும் டீசல். "இப்பதான் டிரைவர் கை"ன்னார். மாமா சொன்ன ஆட்டோமேட்டிக் கதைக்கு அவர் ஏன் சிரிச்சு மழுப்பினார்னு எனக்கு அப்பதான் புரிஞ்சுது. கால்தான் போச்சு. அவரோட காது இன்னும் அந்த வண்டியை ஓட்டிட்டிருந்தது.

இதோட முடிச்சிருந்தா நல்ல செண்டிமெண்ட் பதிவா இருந்திருக்கும். ஆனா அந்தத் துப்பட்டா பொண்ணு மூக்கைப் பொத்தினதுல தப்பே இல்ல. டீசல் புகை மனுஷனுக்குப் புற்றுநோய் உண்டாக்கும்னு உலக சுகாதார நிறுவனத்தோட புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 2012-லயே சொல்லிடுச்சு. எங்க வண்டி பாரத் ஸ்டேஜ் 2 காலத்துது. நாடு முழுக்க ஸ்டேஜ் 6 வந்தது 2020 ஏப்ரல்ல. இடையில எத்தனை படின்னு நீங்களே எண்ணிக்குங்க. டெல்லியில பத்து வருஷம் தாண்டின டீசல் வண்டி ஓடக் கூடாதுன்னு 2015-ல பசுமைத் தீர்ப்பாயம் சொன்னதை 2018-ல உச்ச நீதிமன்றமும் உறுதி செஞ்சது. எங்க ஊர்ல அப்படி இல்லங்கிறதால எங்க புகை நல்ல புகை ஆயிடாது. இந்த வண்டியில எங்க குடும்பம் முன்னுக்கு வந்துச்சு. அதுக்கான புகையை ரோட்டுல போன யாரோ குடிச்சிருக்காங்க.

வர்ற செப்டம்பரோட ஆர்.சி. முடியுது. 15 வருஷம் தாண்டின காருக்குப் புதுப்பிக்கிற கட்டணம் 2022 ஏப்ரல்ல 600 ரூபாயில இருந்து 5,000 ஆச்சு. 20 வருஷம் தாண்டினதுக்கு 10,000-னு 2025 ஆகஸ்ட்ல ஏத்தினாங்க. வண்டிக்கு இப்ப அதை விடப் பெருசா ஒண்ணும் விலை வராது. மாமா மறுபடி வந்து, "எனக்குத் தெரிஞ்ச ஆள் இருக்கான், வண்டியைக் காட்டாமலே புகை சர்டிபிகேட் வாங்கிடலாம்"னார்.

அப்பா கொஞ்ச நேரம் பேசாம இருந்தார். அப்புறம் என்னைப் பார்த்து, "நாசில், பில்டர் எல்லாம் சரி பண்ணி நிஜமாவே டெஸ்டுக்குக் கொண்டு போ. பாஸானா இன்னும் கொஞ்ச நாள் வச்சுக்குவோம். ஆகலைன்னா எடைக்குப் போட்டுடு. பொய் சொல்லி ஓட்ட வேண்டாம்லே"ன்னார்.

வர்ற சனிக்கிழமை நாசில் கடைக்குப் போறேன். பக்கத்து சீட்டுல அவரும் வர்றார்.