இளங்குதிரை பழக்குதல்

கொங்கு நாட்டார் இளங்காளையையேனும் இளங்குதிரையையேனும் வேலைக்கு ஆயத்தஞ் செய்வதைக் குறிக்க இரண்டு சொற்களை வழங்குகின்றனர். ஒன்று வசக்குதல், மற்றொன்று பழக்குதல். இரண்டும் ஒரு பொருளனவென்றே கேட்போர் கொள்வர். எனினும், வசக்குதல் என்பது பிறிதோர் உயிரைத் தன் வசமாக்கிக்கொள்ளுதல். அதில் வசக்குவோனிடத்து யாதொரு மாறுதலும் வேண்டப்படுவதில்லை. பழக்குதலோ பழகுதல் என்னும் தன்வினையினின்று பிறந்தது. பழக்குவோனும் உடன் பழகினாலன்றி அது முற்றுப்பெறாது. இவ்வேறுபாடு எத்துணைப் பெரிதென்பதை எம் இல்லத்தில் வளர்ந்த ஒரு பெட்டைக் குதிரைக்குட்டியின்பால் யான் கண்கூடாகக் கண்டேன். கல்லூரி விடுதியில் தங்கிப் பயின்ற மூன்றாண்டுகளில், விடுமுறைதோறும் ஊர் சென்று கண்டவையும், இடையில் வீட்டார் சொல்லக் கேட்டவையுமே ஈண்டு எழுதப்படுகின்றன.

ஈரோடு மாவட்டத்து அந்தியூரில் ஆடித் திங்களில் குருநாதசுவாமி கோயில் திருவிழா நடைபெறும். அதனையொட்டிக் கூடும் கால்நடைச் சந்தைக்குக் கத்தியவார், மார்வார் இனக் குதிரைகளும் விற்பனைக்கு வருவதுண்டு. அவ்விரண்டு இனங்கட்கும் காதுகள் உள்நோக்கி வளைந்து நுனியோடு நுனி தொடுமாறு அமைந்திருக்கும். கண்டார்க்கு அஃதொரு தனியழகு. 2015-ஆம் ஆண்டுச் சந்தையில் என் தாய்வழிப் பாட்டனார் ஒன்றரை வயதுடைய கத்தியவார்க் குட்டியொன்றை வாங்கினார். (தாய்வழிப் பாட்டனாரை அப்புச்சி என்பது எங்கள் வழக்கு, இனி அவ்வாறே எழுதுவேன்.) செந்நிறமுடைமையின் அதற்குச் செவலி என்று பெயராயிற்று.

சந்தைக்கு வருவோரிற் பெரும்பாலார் முதலிற் பார்ப்பது சுழி. நெற்றியில் இன்ன சுழி இருப்பின் குடி உயரும், கழுத்தில் இன்ன சுழி இருப்பின் குடி கெடும் என்று வாதாடுவோர், அதே குதிரை ஒரு காலைத் தாங்கி வைப்பதைக் காணாது போவர். அப்புச்சியுடன் வந்திருந்த முதியவர் சுழியைக் கேட்கவேயில்லை. குட்டியின் வாயைத் திறந்து பல்லைப் பார்த்தார். நான்கு கால்களையும் தடவினார். பின்னர் முகத்தை வேறுபுறம் திருப்பிக்கொண்டு வெறுமனே நின்றார். சிறிது பொழுதில் குட்டி கழுத்தை நீட்டி அவருடைய தோளை மோந்தது. ‘இதை வாங்கலாம்’ என்றார். அவர் பழனியில் நெடுங்காலம் ஜட்கா ஓட்டியவர்; புகைவண்டி நிலையத்தினின்று மலையடிவாரத்திற்கு யாத்திரிகரை ஏற்றிச் சென்று முதுமையடைந்து, எங்கள் தோட்டத்தில் வந்து தங்கியிருந்தார்.

நம்மவர்க்கும் குதிரைக்கும் உள்ள உறவைப் பற்றி இவ்விடத்து ஒரு சொல் கூறாமலிருக்க இயலவில்லை. அது பெரும்பாலும் வாங்குவோரின் உறவாகவே இருந்துவந்தது. காவிரிப்பூம்பட்டினத்திற் கடல்வழியாகக் குதிரைகள் வந்திறங்கியதைப் பட்டினப்பாலை கூறுகின்றது. திருவாதவூரரும் பாண்டியனுக்குக் குதிரை வாங்கப் பொருளோடு சென்றவரே. 13-ஆம் நூற்றாண்டின் இறுதியிற் பாண்டிநாட்டுக் கரையைக் கண்ட மார்க்கோ போலோ, ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் இறக்குமதியான குதிரைகள் அவ்வாண்டு முடிவதற்குள் மடிந்தொழிந்தன என்றும், பேணத் தெரியாமையும் இலாடக்காரர் இன்மையுமே அதற்குக் காரணமென்றும் எழுதிவைத்தான். வெப்பமும் ஈரமும் மிக்க நாட்டில் நோயும் ஒரு காரணமாயிருந்திருக்கும். எனினும், பொன்னைக் கொட்டி வாங்கிய உயிரைப் பேணுதற்கு ஆளைத் தேடாத வழக்கம் இன்றளவும் அந்தியூர்ச் சந்தையிற் காணக்கிடைப்பதே.

அவ்வாண்டுத் தீபாவளி விடுமுறைக்கு யான் சென்றபோது, குட்டி ஏதேனும் கற்றிருக்கும் என்னும் ஆவலோடு இலாயத்திற்கு ஓடினேன். முதியவர் ஒரு கூடையைக் கவிழ்த்து அதன்மேல் அமர்ந்திருந்தார். குட்டி அவர் பின்னே நின்று தட்டுத் தின்றுகொண்டிருந்தது. மூன்று திங்களாக நடந்த பயிற்சி அவ்வளவே. தீனியும் நீரும் அவர் கையாலன்றி அதற்குக் கிடைப்பதில்லை. ஈயோட்டுபவரும் அவரே. கழுத்து முதுகோடு சேரும் மேட்டில், குட்டியின் வாய்க்கு எட்டாத இடத்தில், நாள்தோறும் அவர் சொறிந்துவிடுவார். அது கண்ணைச் செருகிக்கொண்டு கீழுதட்டைத் தொங்கவிடும். குதிரைகள் ஒன்றையொன்று சொறிந்துகொள்வதும் அவ்விடத்தையே. அவ்விடத்தைச் சொறியின் குதிரையின் இதயத்துடிப்புத் தணிகின்றதென்று பிரான்சு நாட்டிற் செய்த ஓர் ஆராய்ச்சி 1993-இல் வெளியாயிற்று. அதற்கும் நெடுங்காலம் முன்னரே, கிறித்துவுக்கு முற்பட்ட நான்காம் நூற்றாண்டிற் கிரேக்கனாகிய செனபோன் குதிரையேற்றம் பற்றித் தானெழுதிய நூலில், பசியும் தாகமும் ஈத்தொல்லையும் தனிமையில் வருமாறும், உணவும் நீரும் ஆறுதலும் மனிதனிடத்தினின்று வருமாறும் செய்தால் குட்டி மனிதனை விரும்பித் தேடும் என்று கூறியுள்ளான். பழனி முதியவர் கிரேக்கம் கற்றவரல்லர்.

குதிரை இரையாகப் பிறந்த விலங்கு. அதன் கண்கள் தலையின் இருபுறமும் அமைந்திருத்தலின், நெற்றிக்கு நேர்முன்னும் வாலுக்கு நேர்பின்னும் உள்ள சிறு பகுதிகளொழிய எஞ்சிய திசையெல்லாம் அதற்கு ஏறக்குறையத் தெரியும். எனவே முன்னாலும் பின்னாலும் நேரே வருபவன் திடீரெனத் தோன்றிய பகைவனாகின்றான். தோட்புறமாக வருபவனே நண்பன். இதனைக் கற்பியாமல் எங்கள் வீட்டுச் சிறுவரை இலாயத்துள் விடுவதில்லை. மற்றொன்றும் கண்டேன்: இடப்புறத்திற் கண்டு தெளிந்த சாக்குப் பையை வலப்புறத்திற் கண்டபோது செவலி புதிதாக வெருண்டது. ஆகவே ஒவ்வொரு பாடமும் இருமுறை நடந்தது.

பின்னர்த் தலைக்கயிற்றுப் பாடம். யான் கண்ட யாவற்றினும் இதுவே நுட்பமானது. முதியவர் கயிற்றை ஒருபுறம் மெல்ல இறுக்கி நிற்பார். குட்டி எதிர்ப்புறம் சாய்ந்து இழுக்கும். இறுக்கத்திற்கு எதிராகச் சாய்தல் குதிரையின் இயல்பு. அவர் மேலும் இழுப்பதில்லை, விட்டுக்கொடுப்பதுமில்லை; நட்ட தூண் போல் நிற்பார். ஒரு நிமிடமோ ஐந்து நிமிடமோ சென்றபின் அது தலையை ஓரங்குலம் அவர்பால் திருப்பும். அக்கணமே கயிறு தளர்ந்துவிடும். மறுபடியும் இறுக்கம், மறுபடியும் ஓரங்குலம், உடனே தளர்ச்சி. ஒரு வாரத்திற்குள் சுண்டுவிரலால் தொட்டால் திரும்புமளவு வந்துவிட்டது. ‘தம்பி, இழுக்கிறபோது அது ஒன்றும் படிக்கிறதில்லை, விடுகிறபோதுதான் படிக்கிறது. நேரம் தவறி விட்டீர்களானால், அந்த நேரத்தில் என்ன செய்துகொண்டிருந்ததோ அதையே சரியென்று வைத்துக்கொள்ளும்’ என்றார். கயிற்றை என் கையிற் கொடுத்துப் பலமுறை என்னையும் பயிற்றினார். நெருங்கிப் பார்த்தால் அங்கே மாணாக்கர் இருவர் இருந்தோம்.

குதிரை நம்மை எவ்வளவு கூர்ந்து படிக்கின்றது என்பதற்குப் பெர்லின் நகரத்து ஹான்ஸ் என்னும் குதிரையின் வரலாறு சான்று. கணக்குக் கேட்டால் விடையைக் குளம்பால் தட்டிக் காட்டும் என்று அது புகழ்பெற்றிருந்தது. பூங்ஸ்ட் என்னும் ஆராய்ச்சியாளர் அதனைச் சோதித்து, கேட்போர்க்கே விடை தெரியாதபோது குதிரைக்கும் விடை தெரிவதில்லை எனக் கண்டு, 1907-இல் நூலாக வெளியிட்டார். சரியான எண் வந்தவுடன் கேட்போர் தம்மையறியாமல் தலையைச் சற்றே அசைப்பர். குதிரை அதனைக் கண்டு நிறுத்திவிடும். ஹான்ஸுக்குக் கணக்குத் தெரியாதென்று உலகம் நகைத்தது. மனிதர் தமக்கே தெரியாத தம் அசைவை ஒரு விலங்கு தெரிந்துகொண்டதை வியந்தவர் சிலரே. யான் அச்சிலர் கட்சி.

2016 கோடையில் வாய்க்கு இரும்பு பழக்கப்பட்டது. முன்பற்களுக்கும் கடைவாய்ப் பற்களுக்கும் இடையிற் பல்லில்லா வெற்றிடம் ஒன்று உண்டு. கடிவாளம் தங்குவது அங்கே. முதியவர் வழவழப்பான எளிய கடிவாளத்தைத் துணி சுற்றி, வெல்லம் பூசிக் கொடுத்தார். செவலி அதனைச் சுவைத்துக்கொண்டே நின்றது. அடுத்து, இரண்டு நீண்ட கயிறுகளோடு அவர் பின்னே நடக்க, அது முன்னே நடந்து திரும்பவும் நிற்கவும் கற்றது. வண்டியில் மட்டும் பூட்டவில்லை. முழங்காலுக்கு மேலுள்ள எலும்பின் வளர்முனை இரண்டரை வயதளவில்தான் இறுகும். முதுகெலும்போ ஐந்து வயதைக் கடந்தும் முற்றிக்கொண்டிருக்கும். முதியவர் இவ்வெலும்புக் கணக்கை அறியார். அவருக்குப் பல்லே பஞ்சாங்கம். இரண்டரை வயதில் நடுவிரண்டு பாற்பற்களும், மூன்றரையில் அடுத்தவையும், நாலரையில் ஓரத்தவையும் விழுந்து முளைக்கும். ‘இரண்டாம் சோடி முளைக்கட்டும்’ என்பதே அவர் விடை.

அவ்வாண்டு வடகிழக்குப் பருவமழை பொய்த்தது. 2017 சனவரியில் அரசு மாநிலத்தின் எல்லா மாவட்டங்களையும் வறட்சியுற்றவையாக அறிவித்தது. எங்கள் கிணற்றில் வாளி தரையைத் தட்டியது; தென்னைகள் குருத்துச் சாய்ந்தன; ஒரு கட்டுத் தட்டின் விலை கேட்கவே அச்சமாயிற்று. அந்நாளில் ரேக்ளாப் பந்தயத்திற் பழகிய ஒருவர் செவலியைப் பெருவிலைக்குக் கேட்டார். அத்தொகை ஆழ்துளைக் கிணறு ஒன்று இறக்கப் போதும். ‘அப்பா, மனிதருக்கே தண்ணீர் இல்லாதபோது குதிரை எதற்கு?’ என்றார் என் அன்னையார். அப்புச்சி நெடுநேரம் பேசாதிருந்து, ‘வந்து ஓட்டிப் பார்க்கட்டும், அம்மணி’ என்றார். அன்னையார் கூற்றிற் குறை காண எனக்கு அன்றும் மனமில்லை, இன்றும் இல்லை.

வாங்க வந்தவர் தம் ஓட்டுநரோடு வந்த நாளில், முதியவர் ஓர் உறவினர் திருமணத்திற்காகப் பழனி சென்றிருந்தார். ஓட்டுநன் எங்கள் கடிவாளத்தை எறிந்துவிட்டுத் தன் முட்கடிவாளத்தைக் கொணர்ந்தான். முள்ளுடைய கடிவாளத்தை வண்டியோட்டப் பயன்படுத்தலாகாதென்று 1965-ஆம் ஆண்டின் விதிகளே தடுத்திருக்கின்றன. ஆயினும் அஃது அவன் பையில் இருந்தது. காதை முறுக்கி வாயைத் திறந்தான். சங்கிலி கலகலவென்று ஒலித்தது. சுண்டுவிரலுக்குத் திரும்பக் கற்ற வாயை அவன் இரு கையாலும் இழுத்தான், செவலி முன்கால்களைத் தூக்கி நின்றது, சாட்டை விழுந்தது. அப்புச்சி கூவிக்கொண்டு ஓடி நிறுத்துவதற்குள் நுரையோடு செந்நீர் வழிந்தது. கால்மணி நேரத்தில் எல்லாம் முடிந்தது. ‘முரட்டுக் குதிரை’ என்று சொல்லி அவர்கள் போய்விட்டனர். விலையும் போயிற்று, ஒன்றரையாண்டு உழைப்பும் போயிற்று. யான் பொங்கல் விடுமுறையில் அங்கிருந்தேன். அன்றிரவு எங்கள் வீட்டில் எவரும் உண்ணவில்லை.

திரும்பிவந்த முதியவர் ஒருவரையும் ஒரு சொல்லும் சொல்லவில்லை. நாற்பது நாள் வாயில் இரும்பு படலாகாது என்று மட்டும் கூறிக் கவிழ்த்த கூடையின்மேல் அமர்ந்தார். வாய்ப்புண் விரைவில் ஆறியது. காதருகே கை செல்லலாகாது; சங்கிலியொலி கேட்டால் உடல் முழுதும் நடுங்கி வியர்க்கும்; இவை ஆறவில்லை. அதற்கு அவர் செய்த மருந்தை யான் எந்நூலிலும் முன்னர்ப் படித்ததில்லை. கொள்ளு வைக்கும் தொட்டியின் விளிம்பில் ஒரு சிறு சங்கிலித்துண்டைக் கட்டித் தொங்கவிட்டார். முதலில் அது துணியாற் சுற்றப்பட்டு ஓசையற்றிருந்தது. நாள்தோறும் துணி சிறிது குறைந்தது. கொள்ளு விழும்போதெல்லாம் சங்கிலி மெல்ல ஒலிக்கும். கோடை விடுமுறைக்கு யான் மீண்டபோது துணி முற்றும் நீங்கியிருந்தது. சங்கிலியொலி கேட்டுச் செவலி கனைத்தது. அதுகாறும் அதற்குத் தீனி வந்த வழியையும் சொல்லவேண்டும்: என் அன்னையார் தம் வளையல்களை அடகு வைத்திருந்தார். ‘வாயில்லாப் பிராணி அடிபட்டது நம் வாசலில்’ என்றார், வேறொன்றும் சொல்லவில்லை.

ஆவணியிலும் புரட்டாசியிலும் மழை பெய்தது. இரண்டாம் சோடிப் பற்களும் முளைத்தன. முதியவர் முதலில் ஒரு மரக்கட்டையைக் கயிற்றிற் கட்டி இழுக்கவிட்டார். பின்னால் தொடர்ந்துவரும் ஓசைக்கு அஞ்சாதிருத்தலே வண்டிக்குதிரையின் முதற்பாடம். பிறகு வெறும் வண்டி. பிறகு இரண்டு மூட்டை. காதுக்கு மேலாகத் தலைவாரை மாட்டுவதற்கே தனியாக ஒரு திங்கள் ஆயிற்று. 2018 சித்திரையில், வளையல்களை மீட்கத் தேங்காய் விற்ற பணத்தோடு, அப்புச்சியும் யானும் வண்டியில் ஏறினோம். முதியவர் ஓட்டினார். பெருவழியில் ஒரு சரக்கு லாரி எங்களைக் கடந்து சென்றது. அதன் பின்கதவுச் சங்கிலிகள் கலகலவென்று அதிர்ந்தன. யான் வண்டியின் சட்டத்தை இறுகப் பற்றிக்கொண்டேன். செவலி சாலை நடுவில் நின்றது. காதுகளை முன்னே நீட்டிற்று. பின்பு கழுத்தை வளைத்துத் தொட்டியைத் தேடுவதுபோல் இருபுறமும் பார்த்தது. பின்னால் ஒரு பேருந்து ஓயாது ஒலியெழுப்பிக்கொண்டிருக்க, முதியவர் இறங்கி, மடியிலிருந்து ஒரு பிடி கொள்ளை எடுத்து அதன் வாயில் வைத்தார். அது மென்று முடிக்கும்வரை நாங்கள் காத்திருந்தோம்.