94 மார்க் புகை

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆறு மணி ஆனால் எங்கள் வீட்டுக்குள் மேகமூட்டம்தான். தூபக்காலில் கொட்டாங்கச்சித் தணலைப் போட்டு, சாம்பிராணி, வெண்கடுகு, காய்ந்த வேப்பிலை, நொச்சி என்று தூவித் தூவி, ஹாலிலிருந்து பாத்ரூம் வரை அம்மா ஒரு ரவுண்டு வருவாள். ஒற்றை பெட்ரூம் ஃப்ளாட். ஜன்னலைத் திறந்தால் திட்டு விழும். "புகை தங்கினாத்தாண்டா கிருமி சாகும்!"

என் மனைவி மூக்கைப் பொத்திக்கொண்டு என்னைப் பார்ப்பாள். நான் டி.வி.யைப் பார்ப்பேன். (என்ன சேனல் என்று தெரியாது. புகை!)

ஒருநாள் எனக்கு ஆதாரம் சிக்கியது. லக்னோ தேசியத் தாவரவியல் ஆராய்ச்சி நிறுவன விஞ்ஞானிகள் 2007-ல் வெளியிட்ட ஆய்வு. மரக்குச்சியும் மூலிகைகளும் கலந்த ஹோம சாமான்களை ஒரு மணி நேரம் எரித்ததில், அறைக்காற்றில் இருந்த பாக்டீரியா 94 சதவிகிதத்துக்கு மேல் குறைந்துவிட்டதாம். மூடிய அறையில் அந்தப் பலன் 24 மணி நேரம் வரை. பி.காம். படித்தபோது எந்தப் பேப்பரிலும் நான் எடுக்காத மார்க்! போதாததற்கு சுசுருதர் வேறு சாட்சி. புண்பட்டுக் கிடப்பவரின் அறையில் கடுகு, வேப்பிலை, நெய், உப்பு சேர்த்து தினம் இரண்டு வேளை, பத்து நாள் புகை போடச் சொல்லியிருக்கிறார்.

"பாத்தியா... சயின்ஸ்!" என்று மனைவியிடம் மார்தட்டினேன். வெள்ளியோடு செவ்வாயும் சேர்ந்துகொண்டது.

மூன்றாவது செவ்வாய் ராத்திரி, நாலு வயசுப் பையன் இருமினான். இருமல் இழுப்பானது. மூச்சுக்கு மூச்சு விலாவில் பள்ளம் விழுந்தது. ஆட்டோவில் மனைவி ஒரு வார்த்தை பேசவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

நெபுலைசரை மாட்டிவிட்டு, "வீட்ல யாராவது சிகரெட்டா?" என்றார் டாக்டர்.

"இல்ல சார்... சாம்பிராணி." அந்த 94-ஐயும் எடுத்துவிட்டேன். பொறுமையாகக் கேட்டார்.

"இருக்கலாம். ஆனா அவங்க எண்ணினது பாக்டீரியாவை. உங்க பையன் மூச்சை இல்ல. எந்த இலையை எரிச்சாலும் கண்ணுக்குத் தெரியாத கரித்தூள் வரும். அது நேரா நுரையீரலோட அடிவரைக்கும் போகும். இழுப்பு வர்ற குழந்தைக்கு ஆகாது."

வீட்டுக்கு வந்ததும் அம்மாவே கேட்டாள். "புகையாலயாடா?"

தலையாட்டினேன்.

"உனக்கும் போட்டுத்தானேடா வளர்த்தேன்..."

போட்டாள்தான். அது ஓட்டு வீடு. நடுவில் முற்றம். புகை ஓட்டிடுக்கு வழியாக, முற்றம் வழியாக அதுபாட்டுக்குப் போய்விடும். இங்கே எங்கே போகும்? இதைச் சொல்லத் தொண்டை வரை வந்தது, சொல்லவில்லை. தூபக்கால் பரணுக்குப் போனது.

இரண்டு மாசம் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை. "குழந்தையைக் கூட்டிக்கிட்டு ரெண்டு பேரும் பீச்சுக்குப் போங்கடா. மெதுவா வாங்க" என்றாள். புரிந்தது.

எட்டரை மணிக்குத் திரும்பினால், எல்லா ஜன்னலும் திறந்து கிடக்கிறது. ஃபேன் தலைதெறிக்கச் சுற்றுகிறது. அம்மா பையனின் தலையணையை முகர்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

வாசலிலேயே எங்களை நிறுத்தினாள். "இன்னும் லேசா வாசனை இருக்குடா. கீழே போய் இன்னொரு ரவுண்டு நடந்துட்டு வாங்க."